அடைப்புக்குறிக்குள் போகாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 44. சின்ன வயதில் திண்ணையில் ஆடிய செஸ்ஸை, குகேஷ் உலக சாம்பியன் ஆனதும் மறுபடி கையில் எடுத்தேன். மகள் போகும் பயிற்சி மையத்தில் ஆட்டத்தைத் தொடங்கும் நகர்த்தல்கள் பற்றிய ‘ஓப்பனிங் செட்’ என்று ஏழு புத்தகங்களை வாங்க வைத்தார்கள். எதிலும் பத்துப் பக்கம் தாண்ட முடியவில்லை. என் மூளை அவ்வளவுதானா? ரசித்துப் படிக்கவும் கொஞ்சம் முன்னேறவும் எதை வாங்கலாம்?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் மூளைக்கு ஒரு குறையும் இல்லை. அந்த ஏழு புத்தகங்களையும் என்னாலும் தொடர்ந்து படிக்க முடியாது. ஓப்பனிங் புத்தகம் டெலிபோன் டைரக்டரி மாதிரி. யாருக்காவது நம்பர் வேண்டுமென்றால் புரட்டலாம், முதல் பக்கத்திலிருந்து படிக்க உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும்.

பிறகு ஏன் அதையே தலையில் கட்டுகிறார்கள்? சொல்லிக் கொடுக்க அதுதான் சுலபம். பன்னிரண்டு நகர்த்தல்களை மனப்பாடம் செய்த பிள்ளை, செய்யாத பிள்ளையை அடுத்த வாரமே ஜெயித்துவிடும். அப்பா அம்மா மகிழ்ந்து அடுத்த மாத ஃபீஸைக் கட்டிவிடுவார்கள். ‘நோட்ஸ்’ என்று ஸ்பைரல் பைண்டிங்கில் காசுக்குத் தருவது பல இடங்களில் நெட்டிலிருந்து இறக்கிய பிடிஎஃப்தான். 2024 மார்ச்சில் சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே, ஆடுபவரின் பலத்தை எண்ணில் சொல்லும் தன் ரேட்டிங்கின் அடிமட்டத்தை 1000-லிருந்து 1400-க்கு உயர்த்தியது. அதைக் காட்டி, “இந்த செட்டைப் படித்தால்தான் ரேட்டிங்” என்று விற்பவர்களையும் பார்த்துவிட்டேன். பிள்ளை ஆட்டத்தை ரசிக்கிறதா என்று கேட்க ஆளில்லை, ரேட்டிங் வந்துவிட்டதா என்று கேட்கத்தான் ஊரே இருக்கிறது.

அந்த குகேஷையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூர், பதினான்காவது ஆட்டம். 55-ஆவது நகர்த்தலில் அதுவரை சாம்பியனாக இருந்த சீனாவின் டிங் லிரன் யானையை எஃப்2 கட்டத்துக்குக் கொண்டுபோனார். குகேஷ் யானைக்கு யானை, பிஷப்புக்கு பிஷப் என்று மாற்றிக்கொண்டார். மிஞ்சியது ராஜாவும் சிப்பாய்களும் மட்டும். அது குகேஷ் ஜெயித்துவிடும் முடிவாட்டம் என்று இரண்டு பேருக்குமே தெரியும், 58-ஆவது நகர்த்தலோடு கதை முடிந்தது. உலகப் பட்டம் கைமாறிய இடத்தில் ஓப்பனிங்குக்கு வேலையே இல்லை. உங்கள் நிலையில் ஓப்பனிங் புத்தகமே வேண்டாம்.

நீங்கள் வாங்க வேண்டியது ஒரே ஒரு புத்தகம். முழு ஆட்டங்களை வாக்கியங்களால் விளக்குவதாக அது இருக்க வேண்டும். இர்விங் செர்னெவ் எழுதி 1957-இல் வந்த ‘லாஜிக்கல் செஸ்: மூவ் பை மூவ்’ அப்படிப்பட்டது. 33 ஆட்டங்கள், ஒவ்வொரு நகர்த்தலுக்கும் காரணம். ராஜாவின் சிப்பாய் ஏன் இரண்டு கட்டம் முன்னே போகிறது என்பதைக்கூட ஆட்டத்துக்கு ஆட்டம் திரும்பச் சொல்வார். விவரம் தெரிந்தவர்களுக்கு அது எரிச்சலாக இருக்கும். தொடங்குகிறவருக்கு அந்தத் திரும்பச் சொல்லல்தான் மனதில் படியும்.

படிக்கும் முறை முக்கியம். போனில் வேண்டாம், பலகையை மேஜையில் விரியுங்கள். அடுத்த வரியை ஒரு போஸ்ட்கார்டால் மறைத்து, “நானாக இருந்தால் எதை நகர்த்துவேன்?” என்று யோசித்துவிட்டுக் கார்டை இறக்குங்கள். ‘இப்படி ஆடியிருந்தால்’ என்று அடைப்புக்குறிக்குள் நீளமாக ஓடும் கிளை ஆட்டங்களை முதல் வாசிப்பில் தொடவே தொடாதீர்கள். அதற்குள் போய்த் திரும்பி வரும்போது காய்கள் எங்கே இருந்தன என்பதே மறந்திருக்கும். பாதிப் பேர் புத்தகத்தை மூடுவது அந்த இடத்தில்தான், நீங்களும் அங்கேதான் மூடியிருப்பீர்கள். ஓர் இரவுக்கு ஓர் ஆட்டம் போதும். நல்ல நகர்த்தலைச் சொல்லிக் கொடுக்கும் கம்ப்யூட்டர் எஞ்சின் எதையும் திறக்காதீர்கள்.

பழைய புத்தகக் கடையில் மட்டும் உஷாராக இருங்கள். அந்தக் காலக் குறியீட்டில் கட்டங்களை அவரவர் பக்கத்திலிருந்து எண்ணுவார்கள். வெள்ளைக்கு ராஜா-4 ஆக இருக்கும் கட்டம் கருப்புக்கு ராஜா-5. நாம் இப்போது அதை யாருக்கானாலும் இ4 என்றே சொல்கிறோம். புரட்டும்போது ‘பி-கே4’ (சிப்பாய் ராஜா-4-க்கு) என்று கண்ணில் பட்டால் வைத்துவிட்டு வாருங்கள். முன்னாள் உலக சாம்பியன் கேபபிளாங்கா 1921-இல் எழுதிய ‘செஸ் ஃபண்டமென்டல்ஸ்’ புராஜெக்ட் குட்டன்பர்க் தளத்தில் சும்மாவே கிடைக்கிறது, அதுவும் இந்தப் பழைய குறியீட்டில்தான். சும்மா கிடைப்பதை அச்சடித்து நல்ல விலைக்கு விற்கும் புண்ணியவான்களும் இருக்கிறார்கள்.

இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு, அதை மட்டும் விரிவாகச் சொல்லிவிடுகிறேன். முன்னாள் உலக சாம்பியன் பாபி ஃபிஷர் தன் ஆட்டங்களைத் தானே விளக்கிய ‘மை 60 மெமரபிள் கேம்ஸ்’. 1969-இல் வந்த மூலப் பதிப்பு பழைய குறியீட்டில் இருக்கும். 1995-இல் புதுக் குறியீட்டுக்கு மாற்றி ஒரு பதிப்பு வந்தது, ஆனால் ஃபிஷரின் குறிப்புகளிலேயே கை வைத்துவிட்டார்கள். அவர் கொதித்துப் போனார். அவருடைய எழுத்தை அப்படியே வைத்து, குறியீட்டை மட்டும் மாற்றி வந்தது 2008 பதிப்பு. கடைக்காரர் “எல்லாம் ஒண்ணுதான் சார்” என்பார். ஒன்றல்ல. உள்பக்கத்தில் ஆண்டைப் பாருங்கள். 2008 பதிப்பு கிடைத்தால் நல்லது. அது கிடைக்காமல் 1969-இன் பழைய பிரதி மலிவாகக் கிடைத்தால், ஒரு சாயங்காலம் உட்கார்ந்து பழைய குறியீட்டைக் கற்றுக்கொண்டாவது அதையே வாங்குங்கள். 1995 பதிப்பு மட்டும் வேண்டாம். ஆனால் இது செர்னெவை முடித்த பிறகுதான். அறுபதில் ஒன்பது ஆட்டம் டிரா, மூன்றில் ஃபிஷரே தோற்றார். தன் தோல்விகளையும் ‘மறக்க முடியாதவை’யில் சேர்த்த மனுஷன்!

வெறும் ரசனைக்கு என்றால் சோவியத் கிராண்ட்மாஸ்டர் பிரான்ஸ்டைன் எழுதிய ஜூரிக் 1953 போட்டிப் புத்தகம். 210 ஆட்டங்கள், எழுதியவரே அதில் ஆடியவர். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை, எந்தப் பக்கத்தையும் திறக்கலாம். வாங்குமுன் நூலகத்தில் கேளுங்கள் என்று சொல்ல ஆசைதான். எங்கள் ஊர் நூலகத்தில் செஸ் புத்தகங்கள் யோகாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் நடுவில் கிடக்கின்றன, எடுத்துத் தரச் சொன்னால் கேரம் விதிமுறைகள் வருகிறது.

அப்புறம், மகள் விஷயம். அவள் கடைசியாகத் தோற்ற ஐந்து ஆட்டங்களின் நகர்த்தல்களை எழுதிய ஸ்கோர் ஷீட்டுகளை மையத்துக்கு எடுத்துப் போங்கள். இதில் எந்த ஆட்டம் ஓப்பனிங்கால் தோற்றது என்று பயிற்சியாளரைக் காட்டச் சொல்லுங்கள். அதைக் காட்டும் வரை எட்டாவது புத்தகத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.