புதிய ரிவால்வர் வாங்கும்போது அதன் தரத்தையும் பாதுகாப்பையும் கடையிலேயே எப்படிச் சோதிப்பது?

நீலகிரியில் சிறிய தேயிலைத் தோட்டம் வைத்திருப்பதாகவும், .32 ரகக் கைத்துப்பாக்கிக்கு உரிமம் கிடைத்துவிட்டதாகவும், தொழிற்சாலையிலிருந்து பெட்டி பிரிக்காமல் வரும் புதிய ரிவால்வரைத் தனியாகச் சோதிக்கத்தான் வேண்டுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். அதுவும் உங்கள் உரிமத்தில் துப்பாக்கியின் எண் ஏறுவதற்கு முன்பே, கடை மேசையின் மேல் வைத்தே சோதிக்க வேண்டும். கைபேசியில் கோளாறு என்றால் மறுநாள் எடுத்துச் சென்று மாற்றிக்கொள்ளலாம். எண் ஏறிவிட்ட துப்பாக்கியை அப்படிக் கொண்டுபோய் வைத்துவிட்டு வேறொன்றை எடுத்து வர முடியாது. கடைக்காரரின் பதிவேடு, உங்கள் உரிமம், ஆட்சியர் அலுவலகக் கோப்பு ஆகிய எல்லாவற்றிலும் அந்த எண் மாறியாக வேண்டும். அதற்காக ஊட்டிக்கு நடக்கும் நடையை நினைத்தே பலர் பழுதான துப்பாக்கியைப் பேசாமல் அலமாரியில் வைத்துக்கொள்கிறார்கள்.

இப்படி எழுதினால் துப்பாக்கி மோகத்தை வளர்க்கிறான் என்று யாராவது பின்னூட்டம் இடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். உரிமம் வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வியே அல்ல. கேட்டவர் உரிமம் பெற்றுவிட்டார். அவர் வீட்டில் இருக்கப்போவது ஒழுங்காகப் பூட்டிக்கொள்ளும் ரிவால்வரா, கீழே விழுந்தால் வெடிக்கும் ரிவால்வரா என்பதுதான் மீதமிருக்கும் கேள்வி. நான் இராணுவத்தில் ஆயுதங்களைப் பழுதுபார்க்கும் பணியிலிருந்து ஓய்வு பெற்று, குன்னூருக்கு அருகே ஒரு எஸ்டேட்டில் பாதுகாப்புப் பொறுப்பில் இருந்தவன். தொழிலாளர் சம்பளத்தை வங்கியிலிருந்து ரொக்கமாக எடுத்து வந்து எஸ்டேட் ஆபீசில் பிரித்துக் கொடுத்த காலம் அது; அந்தக் காரணத்தைக் காட்டித்தான் எனக்கு உரிமம் கிடைத்தது.

முதலில் உங்களுக்கு எதுவெல்லாம் கிடைக்கும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 9 மி.மீ., .38 ஆகியவை தடை செய்யப்பட்ட ரகங்கள் (இந்த எண்கள் குண்டின் பருமனைக் குறிப்பவை). சாதாரண உரிமதாரர் வாங்க முடியாது. வெளிநாட்டுத் துப்பாக்கிகளைக் கடைக்காரர்கள் இறக்குமதி செய்து விற்பது 1980களிலேயே நின்றுவிட்டது. ஆகவே புதியது என்றால் உள்நாட்டில் செய்ததுதான். கான்பூர் அரசுத் தொழிற்சாலைகளின் .32 ரிவால்வர், பழைய பிரிட்டிஷ் வெப்லி ரிவால்வரின் அமைப்பைப் பின்பற்றி நடுவே மடங்கித் திறப்பது. 2014இல் வந்த நிர்பீக் ரிவால்வர் சுமார் 500 கிராம் எடையுள்ளது. 2023இல் வந்த பிரபல் ரிவால்வரில் சிலிண்டர் (தோட்டாக்களுக்கான அறைகள் கொண்ட சுழல் உருளை) பக்கவாட்டில் திறக்கும். இப்போது தனியார் நிறுவனங்களும் உரிமம் பெற்று .32 ரகத்தில் செய்கின்றன. எது நல்லது என்று என்னைக் கேட்காதீர்கள். ஒரே நிறுவனம் ஒரே மாதத்தில் செய்த இரண்டு துப்பாக்கிகள் இரண்டு விதமாக இருப்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

நம் மலையில் ஒரு சிக்கல் உண்டு. அருவங்காட்டில் கார்டைட் தொழிற்சாலையும் வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டும் இருப்பதால் வீட்டுக்கு ஒருவர் ஏதோ ஒரு விதத்தில் அரசு ஆயுதத் துறையோடு தொடர்புள்ளவராக இருப்பார். முத்திரை விழுந்த பொருள் சோதிக்கப்பட்ட பொருள்தானே என்று அவர்கள் சொல்வதில் பாதி உண்மை. ஒவ்வொரு துப்பாக்கியிலும் வழக்கத்தைவிட அதிக அழுத்தம் தரும் தோட்டாவை இட்டுச் சுட்டுப் பார்த்த பிறகே அந்தத் தாங்குதிறன் முத்திரையைக் குத்துவார்கள். குழலும் சிலிண்டரும் அழுத்தத்தைத் தாங்கின என்பதற்குத்தான் அது சான்று. விசை ஒழுங்காக வேலை செய்கிறதா, சிலிண்டர் குழலோடு நேராக நிற்கிறதா என்பதைப் பற்றி அந்த முத்திரை எதையும் சொல்லாது. முத்திரையும் அடையாள எண்ணும் இல்லாத துப்பாக்கியைத் தொடவே வேண்டாம். 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி அடையாளக் குறி இல்லாத துப்பாக்கியை விற்பதே குற்றம்.

சில ஆண்டுகளுக்கு முன் என் பழைய ரிவால்வரை விட்டுவிட்டுப் புதியது வாங்க என் மைத்துனருடன் மலையிறங்கிச் சமவெளியில் ஒரு கடைக்குச் சென்றேன். கடையின் பெயரையும் தயாரிப்பின் பெயரையும் எழுதப்போவதில்லை. பெட்டியைத் திறந்ததும் தொழிற்சாலைக் கிரீஸ் மொழுமொழுவென்று அப்பியிருந்தது. முதலில் துணி கேட்டேன். கிரீஸைத் துடைக்காமல் எதையும் பார்க்க முடியாது. துடைத்து, ஆறு அறைகளும் காலி என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, குழலுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். வாய்ப்பகுதியின் விளிம்பில் நகத்தை வைத்து ஓட்டினால் ஓரிடத்தில் பிசிறு தட்டியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். ஆனால் தோட்டாவைத் தட்டி வெடிக்க வைக்கும் ஹேமரைக் கட்டை விரலால் மிக மெதுவாகப் பின்னுக்கு இழுத்து, அறை அறையாகப் பார்த்துக்கொண்டு வந்தபோது, ஐந்து அறைகள் குழலுக்கு நேராக வந்து ‘டக்’ என்று பூட்டிக்கொண்டன. ஒன்று மட்டும் ஹேமர் முழுதாக ஏறிய பின்பும் பூட்டாமல் நின்றது. விரலால் சிலிண்டரைச் சற்றே தள்ளினால்தான் பூட்டு விழுந்தது.

கடைக்காரர் என் கையிலிருந்து அதை வாங்கி, வேகமாக இழுத்துக் காட்டினார். பூட்டிக்கொண்டது. “வேகமாத்தானே சார் சுடுவீங்க, யாரு இவ்வளவு மெதுவா இழுக்கப்போறாங்க? புதுசு, பழகப் பழகச் சரியாயிடும்” என்றார். வேகமாக இழுத்தால் சிலிண்டர் தன் சுழற்சி வேகத்திலேயே மீதித் தூரத்தைக் கடந்துவிடும். குறை மறைந்துவிடும், தீர்ந்துவிடாது. அறை குழலுக்கு நேராக நிற்காத நேரத்தில் ஹேமர் விழுந்தால் குண்டு குழலின் பின்விளிம்பில் உரசி, ஈயச் சீவல் பக்கவாட்டில் தெறிக்கும். பக்கத்தில் நிற்பவரின் கண்ணுக்கே ஆபத்து. தேயத் தேய இது மோசமாகுமே தவிரத் தானாகச் சரியாகாது. இதை நான் விளக்கிக்கொண்டிருக்கும்போது மைத்துனர் என் முழங்கையைத் தொட்டு, “மச்சான், அவங்க அப்பா காலத்திலிருந்து கடை வச்சிருக்காங்க, விடுங்க” என்றார். நான் விடவில்லை. வேறு பெட்டி கொண்டுவரச் சொன்னேன். அரை மணி நேர முகச் சுளிப்புக்குப் பிறகு வந்தது. அதே சோதனையில் ஆறு அறைகளும் பூட்டின. அதைத்தான் வாங்கினேன். இரண்டு மணி நேரம் ஒரு துப்பாக்கியை முறைத்துப் பார்த்த மனிதன் என்று உறவினர் வீட்டு விசேஷங்களில் இன்றுவரை என்னைக் கேலி செய்கிறார்கள்.

உங்களுக்கு ஆயுத வேலை தெரியாது என்பதால் இதையெல்லாம் செய்ய முடியாது என்று நினைக்க வேண்டாம். விசையை அழுத்திப் பார்க்கும் முன் மருந்தில்லாத டம்மி தோட்டாக்கள் உண்டா என்று கடையில் கேளுங்கள். வெறும் அறையில் பலமுறை தட்டுவதைச் சில துப்பாக்கிகள் தாங்கும், சில தாங்கா. மடங்கித் திறக்கும் வகையாக இருந்தால் மூடிய பின் குழலை ஒரு கையிலும் பிடியை மறு கையிலும் பிடித்து அசைத்துப் பாருங்கள். கீல் பகுதியில் ஆட்டம் தெரிந்தால் வேண்டாம். ஹேமரை முழுதாக ஏற்றிவிட்டு, விசையைத் தொடாமல், பின்னாலிருந்து கட்டை விரலால் ஹேமரை முன்னோக்கி அழுத்துங்கள். அது நழுவி விழக்கூடாது. ஹேமர் இறங்கி, விசையிலிருந்து விரலை எடுத்த நிலையில், ஃபயரிங் பின் (தோட்டாவைக் குத்தும் ஊசி) துளை வழியாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது. நீட்டிக்கொண்டிருந்தால் தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் மீது அது எந்நேரமும் முட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள்; கல் தரையில் ஹேமர் பக்கமாக விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

விழுந்தால் வெடிக்கும் குறை மட்டமான தயாரிப்பில்தான் வரும் என்று எண்ணுபவர்களுக்கு ஒரு செய்தி. அமெரிக்காவில் பெரும் புகழ் பெற்ற சிக் சாவர் பி320 பிஸ்டல், குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று சோதனைகளில் தெரியவந்து, 2017 ஆகஸ்டில் அந்த நிறுவனமே விசைப் பகுதியை மாற்றித் தருவதாக அறிவிக்க வேண்டியிருந்தது. அந்த நாட்டிலும்கூட நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகளின் மீது அதிகாரம் கிடையாது.

வாங்கியாயிற்று என்றால் அடுத்தது சுட்டுப் பார்ப்பது. தோட்டத்தில் அல்ல, அனுமதி பெற்ற ரைபிள் கிளப்பின் சுடுதளத்தில். கண்ணாடியும் காதடைப்பானும் அணிந்து, முதல் சுற்றில் அறைக்கு ஒன்றாக நிரப்பாமல் ஒரே ஒரு தோட்டாவை இட்டுச் சுடுங்கள். தோட்டா வெடிக்கவில்லை என்றால் உடனே திறந்துவிடாமல், குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடமாவது காத்திருங்கள். தாமதமாக வெடிப்பது உண்டு. பிறகு அதன் பிரைமரைப் பாருங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் தோட்டாவின் குறையாக இருக்கலாம். மேலோட்டமாகக் கீறியது போல் இருந்தால் துப்பாக்கியின் அடி வலுவற்றது. சத்தம் வழக்கத்துக்கு மாறாகச் சன்னமாகக் கேட்டால், அடுத்ததைச் சுடவே கூடாது. குண்டு குழலுக்குள்ளேயே சிக்கியிருக்கலாம். அதன் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளந்துவிடும்.

கரடியும் காட்டெருமையும் தேயிலைக்குள் நடமாடுவதால் வாங்குகிறீர்கள் என்று ஊகிக்கிறேன். கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் உரிமம் கேட்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் சொல்கிறார்கள். .32 குண்டு காட்டெருமையை நிறுத்தாது, கோபப்படுத்தும். உயிருக்கு ஆபத்தான நேரத்தில் நல்லெண்ணத்துடன் தற்காத்துக்கொள்வதை 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் குற்றமாகக் கருதுவதில்லை என்றாலும், அதை நிரூபிக்கும் பாடு உங்களுடையது. அதே சட்டத்தின் 34ஆம் பிரிவையும் படித்துவிடுங்கள். சரணாலயத்திலிருந்து 10 கி.மீ. சுற்றளவுக்குள் குடியிருக்கும் உரிமதாரர்கள் தங்கள் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். அங்கே புதிய உரிமம் வழங்கத் தலைமை வனவிலங்குக் காப்பாளரின் முன் ஒப்புதல் வேண்டும். முதுமலையை ஒட்டிய கூடலூர், மசினகுடி நண்பர்களுக்கு இது நன்றாகத் தெரியும்.

நம் மலைக்கே உரிய பிரச்சினை ஈரம். புதிய ரிவால்வரைத் தோல் உறையிலேயே வைத்துப் பூட்டிவிடாதீர்கள்; தோல் பனியைக் குடித்துக்கொண்டு இரும்புக்குக் கொடுக்கும், பித்தளைத் தோட்டாவில் பச்சைக் களிம்பு ஏறும். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு, பக்கத்தில் சிலிக்கா ஜெல் பை, தனிப் பூட்டில் தோட்டா. எண்ணெய் அதிகமானாலும் ஆபத்து. சிலிண்டரில் வழிந்த எண்ணெய் பிரைமருக்குள் புகுந்து தோட்டாவைச் செத்துப்போக வைக்கும்.

இவ்வளவு பேணியும் தேர்தல் வந்தால் எல்லாம் வீண். தேர்தல் அறிவிப்பு வந்ததும் ஆயுதத்தைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வார்கள். சட்டம் ஒழுங்குக்காக என்பதில் எனக்கு மறுப்பில்லை, நானும் சீருடை அணிந்தவன்தான். ஆனால் ஒப்படைத்த துப்பாக்கிகளை நூலில் அட்டை கட்டி, ஒழுகும் சுவரை ஒட்டிய மரப்பெட்டியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டு வைப்பது எந்த விதியில் இருக்கிறது? நான் இரண்டு மணி நேரம் பார்த்துப் பார்த்து வாங்கிய ரிவால்வர் வாக்கு எண்ணிக்கைக்குப் பிறகு குழல் வாயில் துருப் புள்ளிகளோடு திரும்பி வந்தது. கேட்டதற்கு, முன்பே இருந்திருக்கும் என்று பதில். அதனால் இப்போதெல்லாம் ஒப்படைக்கும் நாளில் எல்லாப் பக்கமும் தேதியோடு படம் எடுத்துக்கொள்கிறேன். எண்ணும் நிலைமையும் எழுதிய கடிதத்தை இரண்டு பிரதியாகக் கொண்டுபோய், ஒன்றில் முத்திரை வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகிறேன். ‘துரு இல்லை’ என்ற வரிக்குக் கீழே கையெழுத்திட மட்டும் அந்தக் காவல் நிலைய எழுத்தர் இன்னும் யோசிக்கிறார்.