ஜிங்க்கை நிறுத்தாதீர்கள், பீடியை நிறுத்துங்கள்

கேள்வி: கண்டனூர் பக்கம் இரண்டு ஏக்கரில் கண்மாய்ப் பாசன நெல், செம்புறை மண். போன மாதம் அப்பாவுக்கு மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்தோம். வயது 58, சர்க்கரை இல்லை, பீடி மட்டும் உண்டு. உரத்தில் இருக்கும் உலோகம் அரிசி வழியாக இதயத்தைக் கெடுக்கும் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. ஜிங்க் சல்பேட்டை நிறுத்திவிடலாமா? உரக்கடையில் ‘உலோகம் இல்லாத நுண்ணூட்டத் திரவம்’ தருகிறார்கள், வாங்கலாமா?

பதில்: தம்பி, ஜிங்க் சல்பேட்டை நிறுத்த வேண்டாம். வந்த செய்தியில் உண்மை இல்லாமல் இல்லை. 2018-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 37 ஆய்வுகளை, சுமார் 3.5 லட்சம் பேரின் விவரத்தை, சேர்த்துப் பார்த்து எழுதினார்கள். ஆர்செனிக், ஈயம், காட்மியம் என்ற நச்சு உலோகம், செம்பு இவை உடம்பில் கூடியவர்களுக்கு இதய நோயும் கூடுதலாக இருந்தது. துத்தநாகம், அதாவது ஜிங்க், அந்தப் பட்டியலில் இல்லை. சொல்லப்போனால் காட்மியமும் துத்தநாகமும் வேரில் ஒரே வாசலுக்கு முட்டி மோதுகிறவை, மண்ணில் ஜிங்க் குறைந்தால் காட்மியத்துக்குத்தான் கொண்டாட்டம்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது பீடியைப் பற்றி. புகையிலை மண்ணிலிருக்கும் காட்மியத்தை இலையில் சேர்த்து வைக்கும் செடி. சோற்றோடு போவதைவிடப் புகையோடு போவது உடம்பில் பல மடங்கு தங்கும், சிறுநீரகத்தில் படிந்தது 10, 20 வருஷமானாலும் முழுசாகப் போகாது. காட்மியமே இல்லாவிட்டாலும் புகை இதயத்துக்கு ஆகாது. ஸ்டென்ட் வைத்த பிறகும் அவர் பீடி பிடித்தால் நீங்கள் வயலில் என்ன செய்தும் பிரயோசனமில்லை.

சரி, வயலுக்கு வருவோம். காட்மியம் பெரும்பாலும் பாஸ்பேட் பாறையிலிருந்து டிஏபி, சூப்பர் பாஸ்பேட் உரங்கள் வழியாக வருகிறது. நம் செம்புறை மண் புளிப்பு மண், அதாவது அமில மண், அதில் அது எளிதில் கரைந்து பயிருக்குள் போகும். மண்வள அட்டையில் வரும் 12 விவரத்தில் காட்மியம் கிடையாது. அதில் பிஎச் (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண், குறையக் குறையப் புளிப்பு கூடும்), கரிமம், மணிச்சத்து (பாஸ்பரஸ்), ஜிங்க் நான்கையும் பாருங்கள். மணிச்சத்து ‘அதிகம்’ என்று இருந்தும் வருஷா வருஷம் டிஏபி கொட்டுவது பணத்தைக் கொடுத்து வினையை வாங்குவது. பிஎச் 5.5-க்குக் கீழே இருந்தால் சுண்ணாம்பு இடுங்கள்.

நான் எல்லாரிடமும் மன்றாடிக் கேட்பது கரம்பை, அதாவது கண்மாய் அடியில் படிந்த வண்டல். கோடையில் கண்மாய் வற்றியதும் வட்டாட்சியரிடம் அனுமதி வாங்கி ஏக்கருக்குப் பத்து டிப்பராவது அடியுங்கள். அந்தக் களியும் மக்கும் உலோகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், சரளையான நம் செம்புறை மண்ணுக்கு அந்தப் பிடிப்பே கிடையாது. கரம்பையைக் கையில் எடுத்து ஈரமாக்கி உருட்டினால் கயிறு மாதிரி நீள வேண்டும், மணலாக உதிர்ந்தால் அது வேண்டாம். ஊர்ச் சாக்கடை விழும் கண்மாய் என்றால் தொடவே தொடாதீர்கள். அப்புறம் அறுவடை முடிந்ததும் ஆடு மேய்க்கும் கீதாரியைக் கூப்பிட்டு ஆட்டுக்கிடை போடுங்கள், ராத்திரி ஆடுகளை வயலிலேயே அடைத்து வைப்பதுதான் அது. நம் தாத்தாக்கள் இந்த இரண்டையும் வைத்தே விளைவித்தார்கள், இப்போது டிராக்டர் இருந்தும் கரம்பை அடிக்க ஆளில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம்.

கடைக்காரரின் திரவத்தை வாங்காதீர்கள். துத்தநாகம், இரும்பு, மாங்கனீசு எல்லாமே உலோகம்தான். உலோகமே இல்லாத நுண்ணூட்டம் என்றால் பாட்டிலில் பெரிதாக என்ன இருக்கும்? உங்கள் பயத்தை விலை போட்டு விற்கிறார். முத்திரையுள்ள மூட்டையில் 21 சதவீத ஜிங்க் சல்பேட் ஏக்கருக்கு 10 கிலோ, மணலில் கலந்து தூவுங்கள், டிஏபியோடு மட்டும் கலக்காதீர்கள். இளம்பயிரில் நடுநரம்பு அடியில் வெளுத்து, இலையில் துருப்புள்ளி விழுந்தால் அது ஜிங்க் பற்றாக்குறை.

இன்னொன்று, கதிர் வெளிவந்ததிலிருந்து பால் பிடிக்கும் வரை வயலைக் காயப் போடாதீர்கள். தண்ணீர் நிற்கும்போது காட்மியம் மண்ணிலேயே கட்டுப்பட்டுக் கிடக்கும், காய்ந்து வெடித்தால் நெல்மணிக்கு ஏறும். கண்மாயில் தண்ணீர் குறைந்தால் மடையில் வரும் தண்ணீரை முதலில் அந்தப் பத்திருபது நாளுக்கு என்று ஒதுக்கி வையுங்கள்.