முதுகு ஆபரேஷனுக்குப் பிறகும் வலி: கேள்வி பதில்

கேள்வி: டிஸ்க் ஆபரேஷன் முடிந்து இரண்டு மாதம். கால் வலி போய்விட்டது, பாதத்தில் மரமரப்பு அப்படியே இருக்கிறது. ஆபரேஷன் சரியில்லையா சார்?

பதில்: அப்படி நினைக்காதீர்கள். நசுங்கிய நரம்பு தேறும்போது பெரும்பாலும் முதலில் வலி குறையும், பிறகு பலம் திரும்பும், மரமரப்புதான் கடைசி. மாதக்கணக்கில் ஆகும், கொஞ்சம் தங்கியும்விடலாம். நீங்கள் கவனிக்க வேண்டியது பலத்தை. சுவரைப் பிடித்தபடி குதிகாலில் பத்து அடி, நுனிக்காலில் பத்து அடி நடந்து பாருங்கள். குதிகால் நடையில் பாதம் தொங்கினால் கீழ்முதுகிலிருந்து காலுக்கு வரும் எல்5 நரம்பு பலவீனம், நுனிக்காலில் எழ முடியாவிட்டால் அதற்கு அடுத்த எஸ்1 நரம்பு. நேற்று முடிந்தது இன்று முடியவில்லை என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: மூன்று மாதம் நன்றாக இருந்தேன். ஒரு நாள் குனிந்து நிமிர்ந்ததும் அதே காலில் வலி. ஆபரேஷன் செய்த இடத்தில் உள்ளே வளர்ந்த தழும்பு என்கிறார்களே?

பதில்: எனக்கு அதில் சந்தேகம். தழும்பு வலி மெல்ல ஏறும். இப்படித் திடீரென வந்தால் டிஸ்க் மறுபடி பிதுங்கியதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சாதா எம்ஆர்ஐயில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியலாம். காடோலினியம் மருந்து ஏற்றி எடுத்தால், ரத்த ஓட்டமுள்ள தழும்பு முழுதாக ஒளிரும். டிஸ்க் துண்டின் ஓரம் மட்டும் ஒளிரும். சிறுநீரக வேலையைக் காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை பார்த்துவிட்டு ஏற்றுவது நல்லது. வலியே இல்லாதவர்களுக்கும் ஸ்கேனில் தழும்பு தெரியும் என்பதால், ரிப்போர்ட்டில் அந்த வார்த்தை இருப்பதே காரணமாகிவிடாது. அதை வெட்டி எடுக்க மறு ஆபரேஷன் என்றால் யோசியுங்கள், தழும்பு திரும்ப வளரும்.

கேள்வி: முதுகெலும்புகள் ஒன்றாக ஒட்ட ஸ்க்ரூ போட்டு ஒரு வருஷம். நாற்காலியிலிருந்து எழும்போது ஒரு பக்கப் பிட்டத்தில் குத்துகிறது.

பதில்: வலிக்கும் இடத்தை ஒரே விரலால் காட்டுங்கள். விரல் பின்னிடுப்பில் தெரியும் குழிக்கருகே போனால், முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேரும் சாக்ரோஇலியாக் மூட்டைச் சந்தேகிக்கலாம். மேலே எலும்பைப் பூட்டிவிட்டதால் பாரம் கீழே இறங்குகிறது. எக்ஸ்ரே பார்த்தபடி அந்த மூட்டில் மரப்பு ஊசி போட்டதும் வலி பெருமளவு குறைந்தால் அதுதான். எலும்பு ஒட்டியதா என்பதற்கு சிடி எடுங்கள். எம்ஆர்ஐயில் உலோகம் படத்தைக் கலைத்துவிடும். புகைப்பவரானால் ஒட்டாமல் போக வாய்ப்பு அதிகம்.

கேள்வி: நரம்பு வலிக்கான பிரீகாபலின் 75 மி.கி. மாத்திரை போட்டால் தலை சுற்றுகிறது. நிறுத்திவிடவா?

பதில்: சட்டென்று வேண்டாம், டாக்டரிடம் சொல்லி ஒரு வாரமாவது படிப்படியாகக் குறையுங்கள். சிறுநீரகம் பலவீனமாக இருந்தால் வழக்கமான அளவே அதிகமாகிவிடும், அதைச் சோதியுங்கள். கூடவே டிரமடால் என்ற வலி மருந்து இருந்தால் மயக்கம் கூடும்.

கேள்வி: எந்தெந்த அறிகுறிக்கு ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

பதில்: சிறுநீர் அடைபட்டாலோ அறியாமல் போனாலோ, ஆசனவாயைச் சுற்றி மரத்தாலோ, காய்ச்சலோடு தையலில் நீர் கசிந்தாலோ.