எங்கள் விகார் ஓய்வு பெறுகிறார்; அடுத்தவரைத் தேடும் பொறுப்பில் நானும் இருக்கிறேன்

கேள்வி: இங்கிலாந்தில் ஒரு சிறு நகரத்தில் குடும்பத்துடன் வசிக்கிறேன். இங்குள்ள ஆங்கிலிக்கன் பாரிஷ் ஆலயத்தில் நிர்வாகக் குழுவான பி.சி.சி.யில் உறுப்பினராக இருக்கிறேன். எங்கள் விகார், அதாவது பாரிஷின் தலைமைக் குருவானவர், ஓய்வு பெறப்போகிறார். புதியவரைத் தேர்ந்தெடுக்கும்போது பாரிஷின் சார்பில் அமரும் இரண்டு பிரதிநிதிகளில் ஒருவராக இருக்கும்படி என்னைக் கேட்கிறார்கள். நான் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில் வளர்ந்தவள். அங்கே பேராயர் அனுப்புகிற குருவானவர் வருவார், நாங்கள் மாலை போட்டு வரவேற்போம், அவ்வளவுதான். இங்கே எனக்கு உண்மையில் என்ன அதிகாரம் இருக்கிறது? பாரிஷைப் பற்றிய அறிக்கையாகப் பாரிஷ் புரொஃபைல் என்று ஒன்று எழுதச் சொல்கிறார்களே, அதில் என்ன எழுதுவது? ஆலயத்துக்கு வரும் தமிழ்க் குடும்பங்களுக்காகத் தமிழ் தெரிந்த ஒருவரைக் கேட்கலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளுங்கள், சகோதரி. தயங்குகிறவர்கள்தான் இந்த வேலைக்குப் பெரும்பாலும் பொருத்தமானவர்கள். ‘இவரைத்தான் கொண்டுவர வேண்டும்’ என்று முதல் நாளே முடிவோடு வருகிறவர்களை வைத்துக்கொண்டு ஒரு பாரிஷ் படும் பாடு பெரிது.

அதிகாரத்தைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் நினைப்பதைவிட அதிகமாகவே இருக்கிறது. இங்கிலாந்துத் திருச்சபையில் இடமாற்றப் பட்டியல் என்று ஒன்று வெளியாவதில்லை. பிஷப் நினைத்தாலும் ஒருவரை இங்கிருந்து தூக்கி அங்கே போட்டுவிட முடியாது. காலியிடம் பெரும்பாலும் விளம்பரம் செய்யப்படும். விண்ணப்பங்கள் வரும், நேர்காணல் நடக்கும். இதற்கான அடிப்படைச் சட்டம் 1986ஆம் ஆண்டின் பேட்ரனேஜ் மெஷர். அதன்படி மூன்று தரப்பு சம்மதித்தால்தான் ஒருவர் விகார் ஆக முடியும்: பேட்ரன், பிஷப், பாரிஷின் பிரதிநிதிகள். அந்த மூன்றாவது தரப்பு என்பது நீங்களும் உங்களுடன் இருக்கும் இன்னொருவரும்தான்.

பேட்ரன் என்பவர் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிய ஆள். ஒருவரை விகாராக முன்மொழியும் உரிமை அவருடையது. நூற்றாண்டுகளாகக் கைமாறி வந்த உரிமை என்பதால் அது யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சேர்ந்திருக்கும். பல இடங்களில் பிஷப்பே பேட்ரன். சில இடங்களில் அரசர், சில இடங்களில் லார்ட் சான்சலர், ஆக்ஸ்ஃபோர்டிலோ கேம்பிரிட்ஜிலோ உள்ள ஒரு கல்லூரி, ஒரு பழைய குடும்பத்தின் வாரிசு. சிமியன்ஸ் டிரஸ்டீஸ் போன்ற அமைப்புகளும் உண்டு. அதை ஏற்படுத்திய கேம்பிரிட்ஜ் குருவானவர் சார்லஸ் சிமியனிடம் உதவிக் குருவாக இருந்தவர்தான் பிறகு இந்தியாவுக்கு வந்த ஹென்றி மார்ட்டின். உங்கள் பாரிஷின் பேட்ரன் யார் என்பதை ஆலயப் பொறுப்பாளரான சர்ச் வார்டனிடமோ, வட்டாரப் பாரிஷ்களைக் கவனிக்கும் மூத்த குருவானவரான ஏரியா டீனிடமோ இந்த வாரமே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். அனுபவமுள்ள பேட்ரன் அமைப்பு என்றால் வேலையில் பாதியை அவர்களே இழுத்துச் செய்வார்கள். தூரத்தில் இருக்கும் தனிநபர் என்றால் பிஷப்பின் கீழ் நிர்வாகம் பார்க்கும் ஆர்ச்டீக்கன்தான் முன்னால் நிற்பார்.

பேட்ரன் ஒருவரை முன்மொழியும்போது, பிரதிநிதிகள் இருவரின் ஒப்புதல் இல்லாமல் அவருக்கு அந்தப் பதவியை அளிக்க முடியாது. நீங்கள் ‘வேண்டாம்’ என்று சொல்லலாம், ஆனால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அந்தக் காரணம் போதாது என்று பேட்ரன் கருதினால் பிஷப்புக்கு மேலே இருக்கும் ஆர்ச்பிஷப்பிடம் மறுபரிசீலனை கேட்கலாம். இன்னொன்றையும் மறந்துவிடாதீர்கள்: ஒப்புதல் கேட்டுக் கடிதம் வந்து, குறித்த காலத்துக்குள் பதில் போகாவிட்டால் சம்மதித்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். விடுமுறைக்கு ஊருக்கு வந்திருந்தேன், மின்னஞ்சலைப் பார்க்கவில்லை என்பதெல்லாம் எடுபடாது.

முறைப்படி எல்லாம் தொடங்குவது காலியிட அறிவிப்புக் கடிதத்தில். அது பி.சி.சி. செயலருக்கு வரும். அதில் சொல்லியிருக்கும் கெடுவுக்குள் பி.சி.சி. கூட வேண்டும். அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு சொல்லும் கூட்டம் என்பதால் எல்லோரும் இதைச் செக்‌ஷன் 11 மீட்டிங் என்பார்கள். அதில் போகிற விகார் இருக்கக் கூடாது, அவருடைய மனைவியோ கணவரோ பி.சி.சி. உறுப்பினராக இருந்தாலும் இருக்கக் கூடாது. நம்மவர்களுக்கு இது மரியாதைக் குறைவாகப் படும். பல வருடம் நமக்காக உழைத்தவரை வெளியே இருக்கச் சொல்வதா என்று சங்கடப்படுவார்கள். ஆனால் முன்னவர் இருக்கும்போது ‘இளைஞர் ஊழியம் படுத்துவிட்டது’ என்று யார் வாய் திறப்பார்கள்? விதி நல்ல விதிதான். இந்தக் கூட்டத்தில்தான் பிரதிநிதிகள் முறைப்படி நியமிக்கப்படுவார்கள், புரொஃபைல் ஏற்கப்படும், விளம்பரம் செய்யும்படி பேட்ரனைக் கேட்பதா என்பது முடிவாகும். பிஷப்பும் பேட்ரனும் பி.சி.சி.யும் சேர்ந்து பேசும் செக்‌ஷன் 12 மீட்டிங் வேண்டும் என்றால் அதையும் இங்கேதான் தீர்மானிக்க வேண்டும். சபைக்குள் பிளவு இருந்தால் கட்டாயம் கேளுங்கள். இல்லாவிட்டால் அது இன்னொரு மாலைப் பொழுது போவதுதான்.

இதற்கெல்லாம் முன்பே ஆர்ச்டீக்கனிடம் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும்: பேட்ரனின் நியமன உரிமையை பிஷப் நிறுத்திவைக்கப் போகிறாரா? பாரிஷ்களை இணைக்கும் யோசனையோ விகாரின் வீடான விகாரேஜை விற்கும் யோசனையோ இருந்தால், சட்டம் விதிக்கும் கலந்தாலோசனைக்குப் பிறகு அவர் அப்படிச் செய்யலாம். அப்போது விகார் வரமாட்டார். ‘பிரீஸ்ட் இன் சார்ஜ்’ என்ற பொறுப்புக் குருவானவரை பிஷப் நியமிப்பார். ஞாயிற்றுக்கிழமை பீடத்தில் நிற்பவரைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் பேட்ரனின் உரிமையும் உங்கள் சட்டபூர்வ மறுப்புரிமையும் அங்கே கிடையாது. உங்களைக் கலந்துகொள்வார்கள், அதோடு சரி. எந்தப் பாதையில் போகிறோம் என்று தெரியாமல் புரொஃபைலில் இறங்காதீர்கள்.

புரொஃபைலுக்கு வருகிறேன். காலியிடம் நீள்வதற்கும் தவறான ஆள் வந்து சேர்வதற்கும் நான் காணும் பெரிய காரணம் இந்த ஆவணம்தான். பாரிஷின் நிலை, தேவை, மரபு ஆகியவற்றைச் சொல்லும் அறிக்கை என்றுதான் சட்டம் கேட்கிறது. பெரும்பாலான பாரிஷ்கள் எழுதுவதோ கல்யாணத் தரகரிடம் கொடுக்கும் குறிப்பு. ‘அன்பும் வரவேற்பும் நிறைந்த சபை, வளர்ச்சிக்குத் தயாராக இருக்கிறோம்’ என்று எல்லோரும் எழுதுகிறார்கள். சர்ச் டைம்ஸ் வார இதழில் வரும் விளம்பரத்தைப் பார்த்துவிட்டு இருபது புரொஃபைல்களை இறக்கிப் படிக்கும் ஒரு குருவானவருக்கு அந்த வரியிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

அதற்குப் பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்: ‘ஞாயிறு பத்து மணி ஆராதனைக்குச் சராசரியாக நாற்பது பேர் வருகிறோம். அதில் பதினாறு வயதுக்கு உட்பட்டவர்கள் நான்கு பேர். பாடகர் குழு மூன்று ஆண்டுகளுக்கு முன் கலைந்தது, ஆர்கனிஸ்ட் மாதம் இருமுறை வருகிறார். வடபக்கக் கூரையின் ஈயத் தகடுகளை விரைவில் மாற்ற வேண்டும் என்று ஆர்க்கிடெக்ட் சொல்லியிருக்கிறார், அதற்கான பணத்தில் பாதி கையில் இருக்கிறது. ஆராதனை நேரத்தை மாற்றும் யோசனையில் எங்களுக்குள் ஒருமித்த கருத்து இல்லை.’ பி.சி.சி.யில் இரண்டு பேர் கொதிப்பார்கள், ‘இதைப் படித்தால் யார் வருவார்கள்’ என்பார்கள். இதைப் படித்தும் வருகிறவர்தான் உங்களுக்கு வேண்டும். மறைத்தாலும் நிற்காது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் கட்டட ஆய்வின் அறிக்கையையும் கடைசி மூன்று வருடக் கணக்கையும் விவரம் தெரிந்த விண்ணப்பதாரர் கேட்டு வாங்கிப் படித்துவிடுவார். பாரிஷ் ஷேர் என்று பிஷப்பின் ஆளுகைப் பகுதியான திருமண்டலத்துக்குச் செலுத்தும் பங்குத்தொகையை முழுதாகக் கட்டுகிறீர்களா, விகாரின் வேலைச் செலவுகளை பி.சி.சி. முழுமையாகத் திருப்பித் தருகிறதா என்பதும் அவர் பார்க்கும் இடங்கள். சம்பளத்துக்குப் பதிலான ஸ்டைபண்டும் வீடும் திருமண்டலத்தின் பொறுப்பு. போக்குவரத்து, தொலைபேசி போன்ற செலவுகள் உங்களுடையவை. அதில் கஞ்சத்தனம் செய்யும் பாரிஷ் என்ற பேர் குருவானவர்கள் வட்டாரத்தில் வேகமாகப் பரவும்.

நம்மவர்கள் தவறவிடும் இன்னொரு விஷயம் பாரிஷின் எல்லை. ஊரில் சேகரம் என்றால் நம் அங்கத்தினர் குடும்பங்கள். இங்கே பாரிஷ் என்பது ஒரு நிலப்பரப்பு. அதற்குள் குடியிருக்கும் எவரும், ஆலயத்தின் வாசலை மிதிக்காதவர்கூட, அங்கே திருமணம் செய்யவும் அடக்க ஆராதனை கேட்கவும் உரிமை உள்ளவர். ஆகவே ஞாயிறு வரும் நாற்பது பேரைப் பற்றி மட்டும் எழுதினால் அது அரைப் புரொஃபைல். எத்தனை முதியோர் இல்லங்கள், திருச்சபைப் பள்ளி இருக்கிறதா, சென்ற ஆண்டு எத்தனை அடக்கங்கள், புதிதாக எழும்பும் வீட்டு மனைகளில் யார் குடியேறுகிறார்கள் என்பதெல்லாம் வேண்டும். பள்ளித் தலைமையாசிரியரிடமும் இறுதிச்சடங்கு ஏற்பாட்டாளரிடமும் ஒரு கோப்பைத் தேநீரோடு அரை மணி நேரம் பேசுங்கள். பி.சி.சி.க்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரியும்.

எப்படிப்பட்டவர் வேண்டும் என்ற பகுதியில் ஆசைக்கு அளவு வையுங்கள். இளமையும் வேண்டும், இருபது வருட அனுபவமும் வேண்டும், சிறு பிள்ளைகளும் இருக்க வேண்டும், வாரம் முழுக்க வீடு வீடாகப் போகவும் வேண்டும் என்று எழுதுகிறார்கள். ஐந்தாறு தகுதிகள் போதும். அவற்றில் எவை கட்டாயம், எவை இருந்தால் நல்லது என்று பிரித்துவிடுங்கள். வயது, திருமண நிலை, பிள்ளைகள் பற்றிய பேச்சே கூடாது. நல்ல மனதோடு ‘எத்தனை பிள்ளைகள்?’ என்று கேட்பது நமக்குப் பழக்கம். நேர்காணல் அறையில் 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டத்தை நினைவில் வையுங்கள், தேநீர் இடைவேளையிலும்தான். பெண் குருவானவரை ஏற்பதில்லை என்று உங்கள் பி.சி.சி. முறையான தீர்மானம் எதுவும் நிறைவேற்றியிருக்காவிட்டால், ஆண் பெண் என்று பார்க்கவும் இடமில்லை.

நேர்காணலில் எல்லோரிடமும் அதே கேள்விகளைக் கேளுங்கள். கருத்தைக் கேட்பதைவிடச் செய்ததைக் கேட்பது பலன் தரும். ‘இளைஞர் ஊழியம் பற்றி என்ன நினைக்கிறீர்கள்’ என்றால் அழகான பதில் வரும். ‘உங்கள் யோசனையை சபையில் பாதிப் பேர் எதிர்த்த ஒரு சமயம், என்ன செய்தீர்கள்’ என்றால் ஆள் தெரிவார். விண்ணப்பதாரர்களின் பெயரை வீட்டில்கூடச் சொல்லாதீர்கள். அவர்கள் இப்போது ஊழியம் செய்யும் பாரிஷுக்கு இது பெரும்பாலும் தெரியாது. வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி கசிந்தால் பாதிக்கப்படுவது அவர்தான்.

காலம் ஆகும். ஒன்பது மாதம், ஒரு வருடம் என்பது சாதாரணம். தேர்வானவரும் தம் பழைய பாரிஷில் மூன்று மாத முன்னறிவிப்புத் தர வேண்டியிருக்கும், பின்னணிச் சரிபார்ப்பும் முடிய வேண்டும். அதுவரை பாரிஷ் நிர்வாகம் சர்ச் வார்டன்கள், ஏரியா டீன் கையில். நற்கருணைக்குக் குருவானவர் வேண்டும் என்பதால், பிஷப்பின் அனுமதி பெற்ற ஓய்வுபெற்ற குருவானவர்களின் பட்டியலை இப்போதே வாங்கிக்கொள்ளுங்கள். மற்ற வாரங்களில் ரீடர் என்னும் குருவானவரல்லாத ஊழியர் காலை ஜெபத்தை நடத்தலாம். போன விகாரை அடக்கத்துக்கும் ஞானஸ்நானத்துக்கும் திரும்ப அழைக்காதீர்கள். எவ்வளவு பாசம் இருந்தாலும், வரப்போகிறவரின் காலடியில் அது முள்.

கடைசியாகத் தமிழ். ‘தமிழர்தான் வேண்டும்’ என்று எழுத முடியாது, எழுதவும் கூடாது. தேவையை எழுதலாம். எத்தனை தமிழ்க் குடும்பங்கள் வருகின்றன, ஆங்கிலம் வராத பெற்றோர் எத்தனை பேர், மாதம் ஒரு தமிழ் ஆராதனை நடக்கிறதா, அதை யார் நடத்துகிறார்கள் என்பதைப் புரொஃபைலில் ஒரு பத்தியாகவே வையுங்கள். அந்தத் தேவை மெய்யானது என்றால், தமிழறிவை ‘இருந்தால் நல்லது’ வரிசையில் சேர்க்கலாமா என்று ஆர்ச்டீக்கனிடம் கேளுங்கள். தமிழ் தெரிந்தவர் அகப்படாவிட்டாலும் வழி அடைபடாது. ஆனால் ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்திருக்கும் சி.எஸ்.ஐ. குருவானவரை நீங்களாகவே பீடத்தில் ஏற்றிவிட முடியாது. வெளிநாட்டில் அபிஷேகம் பெற்றவர்கள் இங்கே ஊழியம் செய்ய 1967ஆம் ஆண்டுச் சட்டப்படி ஆர்ச்பிஷப்பின் அனுமதி வேண்டும். அதற்கு விண்ணப்பிக்கவும், தமிழ் ஆராதனைக்கு நேரம் ஒதுக்கவும் புதிய விகாரின் ஆதரவு உங்களுக்குத் தேவைப்படும். ஆகவே நேர்காணலில் எல்லோரிடமும் இதைக் கேட்டுவிடுங்கள்: ‘உங்களுக்குப் புரியாத மொழியில் உங்கள் ஆலயத்தில் ஒரு சபை கூடினால், அவர்களோடு எப்படிப் பழகுவீர்கள்?’ ‘தாராளமாக நடத்திக்கொள்ளட்டும்’ என்று நிறுத்திக்கொள்கிறவரையும், ‘நான் எப்போது வந்து உட்காரலாம்’ என்று திருப்பிக் கேட்கிறவரையும் ஒரே மதிப்பெண்ணில் வைக்காதீர்கள்.