சைக்கிள் டைம் ட்ரையல் (தனியாக, கடிகாரத்தை எதிர்த்து ஓட்டும் போட்டி) பயிற்சி: கேள்வி பதில்

கே: 40 கிலோமீட்டரில் முதல் பத்து நிமிடம் பறக்கிறேன், பாதியில் கால் கனத்துவிடுகிறது.

ப: கோளாறு தொடக்கத்தில். ஒரு மணி நேரம் உங்களால் 250 வாட் (பெடலில் நீங்கள் செலுத்தும் சக்தி) தாங்க முடியும் என்றால், முதல் ஐந்து நிமிடம் 240-ஐத் தாண்டாதீர்கள். அப்போது 290 கூட லேசாகத்தான் தெரியும், அதை நம்பாதீர்கள். எதிர்காற்றில் 260 மிதியுங்கள், பின்காற்றில் 240 போதும். மெதுவாகப் போகும் பகுதியில்தான் அதிக நேரம் கழிகிறது. கூடுதல் வாட்டை அங்கே செலவிட்டால்தான் லாபம்.

கே: அந்த 250-ஐ எப்படிக் கண்டுபிடிப்பது?

ப: நன்றாக உடலைச் சூடாக்கி, 5 நிமிடம் முழு வேகம், 10 நிமிடம் லேசாக, பிறகு 20 நிமிடம் முழு முயற்சி. கடைசி 20 நிமிடச் சராசரியை 0.95-ஆல் பெருக்குங்கள். 263 வந்தால் 250.

கே: எந்தச் சக்கரம் வாங்கலாம்?

ப: முதலில் உட்காரும் நிலையைச் சரிசெய்யுங்கள்.

கே: வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் கிடைக்கிறது.

ப: போதும். ஒரு நாள் 20 நிமிடம் இரண்டு முறை, அந்த 250-இன் 90–95 சதவீதத்தில். இன்னொரு நாள் 5 நிமிடம் ஐந்து முறை, 105–110 சதவீதத்தில். மற்ற நாள்கள் பேசிக்கொண்டே ஓட்டும் வேகம். நான்காவது வாரம் பயிற்சியைப் பாதியாகக் குறையுங்கள்.

கே: குனிந்து ஓட்டினால் வாட் குறைகிறதே, அதில் என்ன லாபம்?

ப: சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டரில் உங்கள் சக்தியில் ஏறத்தாழ எண்பது சதவீதத்தைக் காற்று விழுங்குகிறது. 250-இல் அது 200. காற்றெதிர்ப்பு பத்து சதவீதம் குறைந்தால் 20 வாட் மிச்சம். கால் 10 வாட் இழந்தாலும் நீங்கள்தான் முன்னே. 1989 டூர் டி ஃபிரான்ஸின் கடைசி நாளில் 50 விநாடி பின்தங்கியிருந்த அமெரிக்க வீரர் கிரெக் லெமாண்ட், ஏரோ பாரில் (முழங்கையை ஊன்றிக் கையை முன்னே நீட்டும் கைப்பிடி) குனிந்து 24.5 கிலோமீட்டர் ஓட்டி, 8 விநாடி வித்தியாசத்தில் பட்டத்தை வென்றார்.

கே: எனக்கு 10 இல்லை, 40 வாட் போகிறது. உங்கள் கணக்கு எனக்குப் பொருந்தாது.

ப: கணக்கு பொருந்தும், உடல்தான் பழகவில்லை. நிமிர்ந்து பயிற்சி செய்துவிட்டுப் போட்டியன்று மட்டும் குனிந்தால் இப்படித்தான் ஆகும். ஐந்தைந்து நிமிடமாகத் தொடங்கி, ஆறு வாரத்தில் 20 நிமிடப் பயிற்சி முழுவதையும் குனிந்தே முடியுங்கள். தொடை வயிற்றில் இடித்தால் 172.5 மில்லிமீட்டர் கிராங்க்கை (பெடலைத் தாங்கும் கை) 165-ஆக மாற்றி, சீட்டை 7.5 மில்லிமீட்டர் ஏற்றுங்கள். அதன் பிறகும் இழப்பு குறையாவிட்டால் ஏரோ பாரின் முழங்கைப் பட்டையை 10 மில்லிமீட்டர் உயர்த்தி, காற்றில்லாத நாளில் ஒரே பாதையில், ஒரே வாட்டில், இரண்டு நிலையிலும் இரண்டிரண்டு சுற்று ஓட்டி நேரத்தை ஒப்பிடுங்கள்.

கே: ஒரு கிலோ எடை குறைந்த சைக்கிள் உதவுமா?

ப: சமதரையில் அநேகமாகத் தெரியவே தெரியாது.

கே: டிஸ்க் சக்கரம் (கம்பி இல்லாமல் தட்டுபோல் மூடிய சக்கரம்) வாங்கலாமா?

ப: சக்கரக் கேள்விக்கு மேலே பதில் இருக்கிறது. போட்டியில் முதல் ஐந்து நிமிடம் அடக்கி ஓட்டுங்கள். அதற்குக் காசு வேண்டாம்.