படங்கள் அழியவில்லை, கேட்டலாக்குக்குப் புதிய பெயர் தெரியவில்லை

வணக்கம். திருமணப் படங்கள் இருந்த ஃபோல்டரின் பெயரை விண்டோஸில் மாற்றிய பிறகு, படங்களைத் திருத்தும் மென்பொருளான லைட்ரூம் கிளாசிக்கில் அதன்மேல் கேள்விக்குறி தோன்றுவதாகவும், மூன்று நாள் செய்த திருத்தங்கள் போய்விட்டனவோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பதற்றம் எனக்கும் தெரியும். ஆனால் எதுவும் போகவில்லை. லைட்ரூமின் கேட்டலாக் என்பது படங்களை வைத்திருக்கும் பெட்டி அன்று. ஒவ்வொரு படமும் எங்கே இருக்கிறது, எக்ஸ்போஷரை எவ்வளவு கூட்டினீர்கள், எந்த ஓரத்தைக் கிராப் செய்தீர்கள் என்பவற்றைக் குறித்து வைக்கும் பதிவேடு. அது இன்னும் பழைய பெயரையே தேடுகிறது. இடப்பக்கப் பட்டியலில் அந்த ஃபோல்டரின் மேல் வலது கிளிக் செய்து, காணாமற்போன ஃபோல்டரைத் தேடும் கட்டளையைத் தேர்ந்து, புதிய ஃபோல்டரைக் காட்டுங்கள். தயவுசெய்து பழைய ஃபோல்டரை அந்தப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு மறுபடி இம்போர்ட் செய்யாதீர்கள். எக்ஸ்எம்பியில், அதாவது திருத்தங்களைப் படத்தோடேயே எழுதிவைக்கும் குறிப்பில், சேமித்திராத திருத்தங்கள் அப்போதுதான் உண்மையிலேயே போகும்.