அமெரிக்காவில் பழைய ஃபெண்டர் டியூப் ஆம்ப் ஒன்றை நியாயமான விலைக்கு வாங்குவது எப்படி?

வீட்டிலும் எப்போதாவது சின்ன மேடையிலும் வாசிக்க அறுபதுகளில் ஃபெண்டர் கம்பெனி செய்த, கண்ணாடி டியூபில் ஓடும் டீலக்ஸ் ரிவர்ப் கிட்டார் ஆம்ப் ஒன்று வேண்டும், ஆனால் விலையைப் பார்த்தால் தலை சுற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். சுற்றத்தான் செய்யும். நீங்கள் பார்ப்பது விற்பவர் ஆசைப்படும் விலை. சரியான விலைக்கு வந்த ஆம்ப் அன்றைக்கே போய்விடும். போணியாகாமல் மாதக்கணக்கில் கிடப்பதுதான் தேடும்போதெல்லாம் கண்ணில் படும். ஈபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டும்படி வடிகட்டலாம். இசைக்கருவிகள் விற்கும் ரிவர்ப் (Reverb) இணையதளத்திலும் விற்ற விலைகளைப் பார்க்க வழி உண்டு. அதில் கிடைக்கும் தொகையிலும், உள்ளூரில் முன்பின் தெரியாத ஒருவரிடம் நேரில் போய் ரொக்கம் கொடுத்து வாங்கும்போது இன்னும் கொஞ்சம் குறைய வேண்டும். தளத்தின் கமிஷனும் பார்சல் செலவும் அவருக்கு மிச்சம்தானே.

அடுத்தது, எதற்குக் காசு கொடுக்கிறோம் என்பது. லியோ ஃபெண்டர் தன் கம்பெனியை 1965 ஜனவரியில் சிபிஎஸ் என்ற ஒலிபரப்பு நிறுவனத்துக்கு விற்றார். அதற்கு முந்தைய சரக்கு என்றாலே சேகரிப்பாளர்களுக்கு ஒரு மயக்கம். கறுப்பு முகப்பு வைத்த 'பிளாக்ஃபேஸ்' ஆம்புகள் 1967 வரை வந்தன. 1968 முதல் முகப்பு வெள்ளி நிறமானது, அதுதான் 'சில்வர்ஃபேஸ்'. ட்வின் ரிவர்ப் போன்ற பெரிய ஆம்புகளில் புது நிர்வாகம் சர்க்யூட்டில் கைவைத்தது உண்மை. ஆனால் சேம்ப், பிரின்ஸ்டன் ரிவர்ப், டீலக்ஸ் ரிவர்ப் ஆகிய சின்னவற்றை அதிகம் தொடவில்லை. இரண்டு 6வி6 டியூப், ஒரு 12 இன்ச் ஸ்பீக்கர், 22 வாட் என்று டீலக்ஸ் ரிவர்ப் முன்போலவேதான் இருந்தது. ஆகவே வாசிக்க வாங்குகிறவர் எழுபதுகளின் சில்வர்ஃபேஸை எடுக்கலாம். கறுப்பு முகப்புக்கான கூடுதல் காசைச் சேகரிப்பாளர் அழட்டும்.

இன்னும் மலிவாக வேண்டுமென்றால் பிறர் வேண்டாம் என்று ஒதுக்குவதைப் பாருங்கள். ட்வின் ரிவர்ப் முப்பது கிலோவை ஒட்டி இருக்கும். பார்சல் அனுப்புவது வேதனை, மாடிப்படி ஏற்றுவது அதைவிட வேதனை என்பதால் உள்ளூரில் விலை படியும். ஆனால் 85 வாட்டை அபார்ட்மென்டில் வைத்துத் திறந்தால் கதவு தட்டப்படும், பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குப் பிடித்த ஒதுக்கல் சரக்கு டொராண்டோவில் செய்த ட்ரேய்னர் ஆம்புகள். உடம்பு இரும்பு மாதிரி, பெயரில் மட்டும் பகட்டு கிடையாது. கனடா எல்லைக்கு அருகில் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

ஆம்பை நேரில் பார்க்கப் போகும்போது முன்பக்கத்தில் மயங்காமல் அதைத் திருப்பச் சொல்லுங்கள். அறுபதுகளின் ஃபெண்டரில் கேபினட்டின் உள்சுவரில் ஒட்டியிருக்கும் டியூப் அட்டவணைக் காகிதத்தில் மையால் இரண்டு எழுத்து குத்தியிருக்கும். முதல் எழுத்து வருடம், ஏ என்றால் 1951, இரண்டாவது மாதம். 'பி, ஹெச்' என்று ஆங்கிலத்தின் பதினாறாவது, எட்டாவது எழுத்துகள் இருந்தால் 1966 ஆகஸ்ட். ட்ரான்ஸ்ஃபார்மரில் 606632 என்று இருந்தால் 606 என்பது ஷூமாக்கர் கம்பெனி, அடுத்த 6 வருடத்தின் கடைசி இலக்கம், 32 என்பது வாரம். ஆகஸ்டோடு ஒத்துப்போகிறது. ஸ்பீக்கர் சட்டத்தில் எண் 220 என்று தொடங்கினால் அதைச் செய்தது ஜென்சன் கம்பெனி, 465 என்றால் ஆக்ஸ்ஃபோர்ட். அங்கே 67 என்று எமினன்ஸ் எண்ணும் எழுபதுகளின் வருடமும் இருந்தால் ஸ்பீக்கர் பிற்பாடு மாறியது. அதில் தப்பொன்றும் இல்லை, ஆனால் 'எல்லாம் ஒரிஜினல்' என்ற விலையை அதற்குக் கொடுக்கக் கூடாது.

அந்த 'எல்லாம் ஒரிஜினல்' என்பதிலேயே ஒரு கொக்கி இருக்கிறது. ட்ரான்ஸ்ஃபார்மரும் ஸ்பீக்கரும் ஒரிஜினலாக இருப்பது மதிப்பு. பவர் சப்ளையில் மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்கள் ஐம்பது வருடப் பழசாக இருப்பது மதிப்பில்லை, செலவு. இரண்டு முள் பிளக் அப்படியே இருப்பதும் செலவுதான். அந்தக் காலச் சர்க்யூட்டில் மின்லைனுக்கும் சேஸிஸ் என்ற உலோகச் சட்டத்துக்கும் நடுவே இருக்கும் கெபாசிட்டரை மெக்கானிக்குகள் 'டெத் கேப்' என்பார்கள். அது ஷார்ட் ஆனால் கிட்டார் கம்பியிலேயே கரண்ட் வரும். ஃபில்டர் கெபாசிட்டர்களை மாற்றி, டெத் கேப்பைக் கழற்றிவிட்டு, மூன்று முள் பிளக் போட்டால் ஆம்பின் மதிப்பு குறையாது. விவரமுள்ளவர் யாரும் அதைக் குறையாகச் சொல்லமாட்டார். சமீபத்தில் சர்வீஸ் செய்தது என்று சொன்னால் பில் கேளுங்கள். பில் இல்லையென்றால், அந்த வேலைக்கு ஆகும் சில நூறு டாலரை விலையில் கழித்துப் பேசுங்கள். நீங்களே திறந்து பார்க்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் நின்றிருக்கலாம்.

உங்கள் கிட்டாரையே எடுத்துக்கொண்டு போங்கள், ஒரு பென்சிலும். எல்லா வால்யூமும் பூஜ்யத்தில் இருக்கும்போதே பலமாக உறுமினால் ஃபில்டர் கெபாசிட்டர் மேல் சந்தேகம் வரும். குமிழைத் திருப்பும்போது கரகரத்தால் எலக்ட்ரானிக் பாகங்களைச் சுத்தம் செய்யும் ஸ்ப்ரே போதும். பென்சிலால் தட்டும்போது ப்ரீஆம்ப் டியூப் (சிக்னலை முதலில் பெருக்கும் சின்ன டியூப்) ஸ்பீக்கரில் 'டிங்' என்றால் டியூப் மாற்றினால் சரி. எதிரொலி தரும் ரிவர்ப் குமிழைக் கூட்டிவிட்டு ஆம்பை லேசாக ஆட்டினால் இடி இடிக்க வேண்டும். இடிக்கவில்லையென்றால் பெரும்பாலும் உள்ளே இருக்கும் ஒயரோ, ஸ்பிரிங் வைத்த ரிவர்ப் பெட்டியான டாங்கோ போயிருக்கும். இதெல்லாம் விலை குறைக்கும் சாக்கு, பயப்பட ஒன்றுமில்லை. அரை மணி நேரம் ஓடவிடுங்கள். கருகல் வாசனை வந்தாலோ பவர் டியூபின் உள்தகடு செக்கச்சிவந்து தணலாய் எரிந்தாலோ அணைக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பலாம். 'டெஸ்ட் செய்யவில்லை' என்று விற்பவர் சொன்னால், ஓடாத ஆம்புக்கான விலையை மட்டும் சொல்லுங்கள்.

என்றாவது ஊருக்கு எடுத்துப்போகும் எண்ணம் இருந்தால் ஒன்று. அமெரிக்காவுக்காகச் செய்தவை சாதாரணமாக 120 வோல்ட்டுக்கு மட்டும்தான். சென்னையின் 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் நீங்கள் பார்த்துப் பார்த்து வாங்கிய அந்த ட்ரான்ஸ்ஃபார்மரே போய்விடலாம். ஆம்ப் இழுக்கும் மின்சாரத்துக்குத் தக்க, வோல்ட்டைக் குறைக்கும் ஸ்டெப்டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் ஒன்றையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.